எல்லோரும் திரும்பி வந்த கம்பெனி

திருச்சியில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினோம். கரூர், வெள்ளகோவில், காங்கயம் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று மூட்டைகளை ஏற்றி இறக்கி, திருப்பூர் பழைய பஸ் நிலையத்தில் எங்களைத் தள்ளிவிட்டபோது மணி பத்தேகால். டிக்கெட் ஆளுக்கு ஐம்பத்தெட்டு ரூபாய். என் வலது முழங்கால் கரூரிலேயே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. 2008 நவம்பர், தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். வயது ஐம்பத்து மூன்று. ஊர் சுற்றுவதில் பெரிய ஆசை கிடையாது. என்னோடு பக்கத்து இருக்கையில் வந்தவர் புஷ்பம். இலங்கையில் மன்னார்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே சண்டை மறுபடி தொடங்கியபோது மகள் நிரோசாவை இழுத்துக்கொண்டு படகேறி வந்து, இரண்டு வருடமாக இங்கே ஓர் அகதி முகாமில் இருக்கிறார். அந்த முகாமுக்கு வந்துபோன தரகன் ஒருவன், திருப்பூரில் தையல் கற்றுத்தந்து வேலையும் தருவார்கள், மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஐந்து பெண்களை வேனில் ஏற்றிப் போனான். நிரோசாவுக்குப் பதினேழு வயது. கொஞ்ச நாள் வாரம் ஒரு முறை போன் வந்தது. 0421 என்று தொடங்கும் எண், அதாவது திருப்பூர்தான். பிறகு நின்றுவிட்டது. தரகனின் போனும் நின்றுவிட்டது.

போலீசுக்குப் போகப் புஷ்பத்துக்குப் பயம். அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போனவள் என்று மகளையே பிடித்து உள்ளே வைத்துவிட்டால்? போர் நடக்கிற இடத்திலிருந்து ஓடி வந்தவர்களை இந்தத் தரகர்கள் மோப்பம் பிடித்து வருவதே இதனால்தான். காணாமல் போனால் தேட ஆளிருக்காது. தேடுகிறவர்களுக்கும் வாய் திறக்காது.

பஸ் நிலையத்திலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ. நாற்பது ரூபாய் கேட்டார், முப்பத்தைந்துக்கு வந்தார். எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "தீவாளிக்கு ஊருக்குப் போயிட்டு இப்பத்தான் வர்றீங்களாக்கும்?" என்றார்.

"இல்லைங்க. வேலையா வந்திருக்கோம்" என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இந்த ஊர்ல தீவாளிக்குப் போறவங்க பூராம் ஒரே நாள்ல போவாங்க, வர்றது மட்டும் ஆடி அசஞ்சுதான் வருவாங்க. எங்க தெருக் கம்பெனிக்காரரு தேனிப் பக்கம் ரெண்டு வேன் உட்டிருக்காரு, ஆளுங்கள ஊடு ஊடாப் போயிப் புடிச்சிட்டு வர்றதுக்கு. பாதி ஆளு பொங்கலும் முடிச்சுட்டுத்தான் வருவானாட்டம் இருக்குது."

புஷ்பத்தின் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். புஷ்பம் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் பேச்சே ஊரைச் சொல்லிவிடும் என்பது அவர் பயம். நான்தான் திருச்சி என்று சொல்லிவைத்தேன்.

லாட்ஜில் இரட்டைக் கட்டில் அறை இருநூற்றைம்பது ரூபாய். ஜன்னலைத் திறந்தால் சாயத்தண்ணீர் வாடை, மூடினால் பழைய மெத்தை வாடை. மூடிவைத்தோம். பதினொரு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். பக்கத்துக் கிராமத்துப் பெண், முப்பது வயதிருக்கும், தானும் ஐந்து வருடம் பனியன் கம்பெனியில் தைத்தவள். இப்போது பெண் தொழிலாளிகளுக்காக ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். என்னை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டதும், புஷ்பத்தை அறிமுகம் செய்துவைத்ததும் அவள்தான்.

வேலை இதுதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே துணி வாங்குவதற்கு முன், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆட்களை அனுப்புவார்கள். 'பையர் ஆடிட்' என்றால் திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். அந்த ஆடிட் செய்கிற ஒருவர், மனசு கேட்காமல், நாற்பத்தோரு கம்பெனிகளின் வருகைப்பதிவுகளை மாதாமாதம் ஜெசிந்தாவிடம் கொடுத்துவந்தார். ஆட்களின் பெயரையும் ஊரையும் நீக்கியிருந்தார். யார் விடுதியில், யார் வெளியில், எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்பது மட்டும் இருந்தது. என் மாணவிகள் இரண்டு பேர் உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றினார்கள். அதற்குள்ளிருந்து, ஊருக்குப் போக வழியில்லாத பெண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஒரு சுலபமான வழி பிடித்தேன். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும். அப்போதும் விடுதியை விட்டுப் போகாதவர்கள் யார்? போக ஊர் இல்லாதவர்கள். போன வருடப் பதிவையும் இந்த வருடப் பதிவையும் போட்டு அலசியதில், தீபாவளி வாரத்திலும் ஆள் குறையாத விடுதிகள் இரண்டு கிடைத்தன. அந்த இரண்டையும் நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம். முகாமில் மூன்று நாள் அனுமதி வாங்கிக்கொண்டு புஷ்பமும் கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று சொன்னேன். "நீங்கள் எண்ணைப் பாக்கப் போறியள் ரீச்சர். நான் என்ர பிள்ளையைப் பாக்கப் போறன்" என்றார்.

வெள்ளி பிற்பகல். மண்ணரை. டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய். தெருவின் இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட பட்டறைகள். மின்வெட்டு நேரமானதால் ஒவ்வொரு வாசலிலும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. விடுதி என்பது மாடியில் வரிசையாக ஏழெட்டு அறைகள். ஜெசிந்தா இலவச மருத்துவ முகாமுக்குப் பெயர் எழுதுவதாகச் சொல்லி மேலே போனாள். நானும் பின்னால் ஏறினேன். மேலே போனால் ஒரே இந்தி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களும் சில குடும்பங்களும். ஒருவன் அரைகுறைத் தமிழில், ரயிலில் ஊர் போய்ச் சேரவே இரண்டரை நாள் ஆகும், தீபாவளி லீவில் போனால் ரயிலிலேயே தீபாவளி முடிந்துவிடும், வருடத்துக்கு ஒரு தடவைதான் போவோம் என்று சிரித்தான்.

நல்ல பையன். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு சொல்லியது.

சனி காலை இரண்டாவது விடுதி, அவிநாசி ரோட்டுப் பக்கம். அங்கே தீபாவளிக்கு நின்றவர்கள் எல்லாம் கொங்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்கள். தீபாவளிக்கு மற்றவர்கள் போகட்டும் என்று இவர்கள் நின்று வேலை பார்ப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நிற்க இவர்கள் போவார்கள். ஜெசிந்தாவின் சித்தி மகள் ஒருத்தியே அங்கே இருந்தாள். "ஏனக்கா, இதைப் பாக்கறதுக்கா திருச்சியில இருந்து ஒரு மேடத்தைக் கூட்டியாந்தே? எங்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று கேட்டுவிட்டாள். ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மாத வேலை இரண்டு நாளில் முடிந்துபோனது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்தும்போது 'அனுமானம் தவறினால் கணக்கும் தவறும்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். இங்கே அதே பாடத்தில் எனக்குப் பூஜ்யம். வெளியே பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த புஷ்பம் நாங்கள் வருகிற நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மதியம் இரண்டரைக்குத் திருச்சி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வெறுங்கையோடு போனாலும் பனியன் இல்லாமல் போனால் நான் திருப்பூர் போனதையே வீட்டில் நம்ப மாட்டார்கள். காதர்பேட்டைக்குள் நுழைந்தோம். ஆள் நடக்க முடியாத சந்து, தலைக்கு மேல் பனியன் கட்டுகள், ஒரு கடையில் மராத்தி, அடுத்த கடையில் மலையாளம். கரண்ட் இல்லை. ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு ஸ்டூல் போட்டு, டீக்கும் சொன்னார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆண்கள் பனியன் முப்பத்தைந்து ரூபாய், ஆறு எடுத்தால் முப்பத்திரண்டு.

டீ வருகிற வரை பேச வேண்டுமே என்று வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"அதையேனுங்க கேக்கறீங்க. கடைய விடுங்க, கம்பெனியில பாதி மிசினு சும்மா நிக்குது. கரண்ட்டும் இல்லை, ஆர்டரும் கம்மி. தீவாளிக்குப் போன ஆளுங்க இன்னும் வரக் காணோம். எம்பட மச்சானுக்குத்தான் யோகமுங்க. அவிநாசிபாளையம் தாண்டிக் கம்பெனி போட்டிருக்காரு. ஆஸ்டல் புள்ளைங்க அத்தனையும் லீவு முடிஞ்ச அன்னிக்குக் காலையில ஒண்ணு பாக்கியில்லாம வந்து நின்னிருச்சுங்க. ஒருத்திகூட லேட்டில்லை. போன வருசமும் அப்படித்தான். ஊரே அவரைப் பாத்து வயிறெரியுதுங்க."

"பக்கத்து ஊர்ப் பிள்ளைகளா?" என்றேன்.

"இல்லீங்க. தேனி, ராம்நாடு, புதுக்கோட்டைன்னு பல ஊரு. வேன் வெச்சு ஒரு ஆளு கொண்டாந்து உடறான். நாங்கூடக் கேட்டேன், எனக்கும் பத்துப் பேரு புடிச்சுக் குடுய்யான்னு. அந்தாளு அசைய மாட்டேங்கறான்."

அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். மச்சானின் அதிர்ஷ்டத்தில் அவருக்கு உண்மையிலேயே பொறாமை. நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றாகத் திரும்புவதில்லை. ஒருத்திக்கு அம்மாவுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாமன் மகன் கல்யாணம், ஒருத்தி பஸ்ஸைத் தவறவிடுவாள், ஒருத்தி திரும்பவே மாட்டாள். வீடு என்று ஒன்று இருந்தால் அது காலைப் பிடித்து இழுக்கத்தான் செய்யும். மூன்று மாவட்டத்துப் பெண்கள் ஒரே காலையில், ஒருத்தி தவறாமல், இரண்டு வருடமும் வந்து நிற்கிறார்கள் என்றால் அவர்கள் ஊருக்கே போகவில்லை.

ஆறு பனியனுக்கும் காசு கொடுத்துவிட்டு லாட்ஜுக்கு ஓடினோம். முழங்கால் என்ன சொன்னது என்று நினைவில்லை. கரண்ட் வரும்வரை காத்திருந்து லேப்டாப்பைத் திறந்து, யார் தங்கினார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் என்றைக்குத் திரும்பினார்கள் என்று வரிசைப்படுத்தினேன். மற்ற கம்பெனிகளில் திரும்பிய நாட்கள் அரிசியைக் கொட்டியதுபோலச் சிதறிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் விடுதிப் பெண்கள் பத்தொன்பது பேரும் ஒரே மாலையில் போய் ஒரே காலையில் வந்திருந்தார்கள். இருபத்தெட்டாம் எண். எந்த எண் எந்தக் கம்பெனி என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவிநாசிபாளையம் தாண்டி இருப்பதுதான் என்றாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இன்னும் கொடுமை ஒன்று உண்டு. அந்த இருபத்தெட்டாம் எண்ணைத்தான் என் மாணவிகளிடம் காட்டி, "பதிவு என்றால் இப்படி இருக்க வேண்டும், ஓட்டை ஒடசல் இல்லாமல்" என்று மெச்சியிருந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்படியானால் தீபாவளிக்கு இவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள்? பதில் ஜெசிந்தாவிடம் இருந்தது. பனியன் கம்பெனிகள் பெரும்பாலும் தீபாவளிக்கு மூடும், நூல் மில் மூடாது. தாராபுரம் பக்கத்து நூல் மில் பெண்கள் ஊருக்குப் போனதும் அங்கே ஆள் பற்றாக்குறை. போக்கிடம் இல்லாத இவர்களை அந்த ஓட்டையில் கொண்டுபோய்ச் சொருகுகிறான் தரகன். இவர்களுக்கு வருடத்தில் ஒரு நாளும் ஓய்வில்லை.

ஞாயிறு. புஷ்பத்தின் அனுமதியில் கடைசி நாள். பத்து மணிக்குத் தாராபுரம் பஸ், ஆறு ரூபாய். பதினாறு கிலோமீட்டரில் அவிநாசிபாளையம். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் சோளத்தட்டு காயும் காடு, நடுவில் திடீரென்று இரண்டு ஆள் உயரச் சுவர். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் திட்டம். கேட் அருகே போனதும் புஷ்பத்தின் கால் நிற்கவில்லை. காவலாளியிடம் நேராகப் போய், "நிரோசாவின்ர அம்மா" என்று சொல்லிவிட்டார்.

காவலாளி ஓர் ஆல்பத்தை எடுத்தார். இந்தப் பக்கத்து விடுதிகளில் இது ஒரு வழக்கம். சேரும்போதே அப்பா அம்மா போட்டோவை ஒட்டிவைப்பார்கள். போட்டோவில் இருப்பவர்கள் மட்டுமே பெண்ணைப் பார்க்கலாம். பெண்ணின் பாதுகாப்புக்காம். அவர் பக்கத்தைப் புரட்டி, புஷ்பத்தைப் பார்த்து, மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல அம்மான்னு வேற ஆளு இருக்குதுங்களே?"

நானும் எட்டிப் பார்த்தேன். நிரோசா, தேனி மாவட்டம். பக்கத்தில் யாரோ ஒரு மூக்குத்தி போட்ட பெண்மணி. தரகன் ஒட்டிய அம்மா. அடுத்த பக்கத்துப் பெண்ணுக்கும் அதே மூக்குத்திதான் அம்மா.

காவலாளி உள்ளே குரல் கொடுத்தார். வார்டன் வந்தார். குண்டான, பேச்சில் தேன் ஒழுகுகிற பெண். கூடவே நிரோசாவையும் கூட்டி வந்தார். முகாம் போட்டோவில் பார்த்த பெண்ணைவிடப் பாதிதான் இருந்தாள். இடது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"இவுங்க உங்க அம்மாங்கறாங்களே கண்ணு. யாரு இவுங்க?"

நிரோசா தன் அம்மாவை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஒன்றுமே இல்லை. "தெரியாதுங்க" என்றாள். அச்சு அசல் கொங்குப் பேச்சு.

புஷ்பம் என்ன செய்யப் போகிறாரோ என்று ஜெசிந்தா அவர் தோளைப் பிடித்தாள். புஷ்பம் இரண்டு கையையும் கூப்பி, "ஆளு மாறிப்போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார். அவரும் இந்த ஊர்ப் பேச்சில்தான் சொன்னார். மகளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்ததும் நான்தான் பொறுக்க முடியாமல், "பயமுறுத்தி வச்சிருக்காங்க புஷ்பம், அவளைத் தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன்.

"நல்ல பிள்ளை ரீச்சர். சொல்லிக் குடுத்தபடியே சொல்லிப்போட்டாள்."

"தரகனா?"

"இல்லை, நான்தான். அங்க ரோட்டுச் சோதனைச் சென்றியில ஆமிக்காரன் மறிச்சால், என்னைக் காட்டிக் கேட்டாலும், ஆரையும் தெரியாதெண்டு சொல்லு எண்டு சின்னனில இருந்தே பழக்கினனான். ஒராளைப் பிடிச்சால் மற்றாளாவது தப்பவேணுமெல்லே." பிறகு, "விரலுக்கு மருந்து கட்டினவையோ தெரியேல்லை" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடனே போலீசைக் கூட்டிவர வேண்டும் என்று நான் குதித்தேன். ஜெசிந்தாவுக்கு என்னைவிட ஊர் தெரியும். "மேடம், கேட்டைத் தட்டுனா அவங்க போட்டோவக் காட்டுவாங்க, புள்ளைங்களும் தேனின்னுதான் சொல்லும். அப்புறம் அன்னிக்கே வேன்ல ஏத்தி எங்கியோ கொண்டு போயிருவானுங்க. ரோட்டுல வெச்சுத்தான் புடிக்கோணும்." இருபத்தெட்டாம் எண்ணின் வழக்கப்படி அந்த வேன் ரோட்டுக்கு வரும் அடுத்த நாள் எது என்று எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது. பொங்கல் விடுமுறை தொடங்குகிற மாலை, போன பொங்கலுக்கும் அப்படித்தான் போயிருந்தார்கள்.

"ஏறக்குறைய ரெண்டு மாசம் பொறுக்கணும் புஷ்பம்" என்றேன்.

"குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்த சனம் ரீச்சர் நாங்கள். இருப்பம்."

அந்த இரண்டு மாதத்தில் ஜெசிந்தா தொழிலாளர் துறையில் ஒரு பெண் அதிகாரியைத் தேடிப் பிடித்தாள். முகாம் பதிவுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வக்கீலும் கிடைத்தார். நான் கொடுத்தது ஒரே ஒரு தாள். இரண்டு தீபாவளி, ஒரு பொங்கல், பத்தொன்பது கோடுகள் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிற படம். அதிகாரி அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "என் வீட்டுல நாலு பேரு சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கே ஒண்ணாப் போய் ஒண்ணா வந்ததில்லை" என்றாராம். அது போதுமாக இருந்தது.

ஜனவரியில் மறுபடி அதே பஸ், அதே ஐம்பத்தெட்டு ரூபாய். கிளிநொச்சி விழுந்த செய்தி வந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. புஷ்பத்தின் தங்கை அந்தப் பக்கம்தான் இருந்தார்.

போகிக்கு முந்தைய மாலை, அவிநாசிபாளையம் டீக்கடை. டீ நான்கு ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. ஜன்னலெல்லாம் பைகள், கூரையில் கரும்புக் கட்டு, படியில் தொங்குகிறவன் கையிலும் ஒரு எவர்சில்வர் குடம். ஊரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி அதிகாரியின் ஜீப், அதில் இரண்டு போலீஸ்காரர்கள். ஆறு மணி, ஆறேகால். மண்ணரை மாடிப்படி எனக்கு நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. மறுபடி என் அனுமானம் தவறினால் புஷ்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டத் தொடங்கும்போது வெள்ளை வேன் வந்தது. ஜீப் குறுக்கே நின்றது.

"புள்ளைங்க பொங்கலுக்கு ஊருக்குப் போகுதுங்க மேடம். தேனி" என்றான் ஓட்டுநர். தேனிக்கு இதுவும் ஒரு வழிதான், தயாராகத்தான் வந்திருந்தான். அதிகாரி வேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒருத்தியிடமும் துணிப்பை இல்லை, ஒரு கரும்பு இல்லை, பூ இல்லை. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன.

"பொங்கலுக்கு ஊருக்குப் போறவ தட்டையும் டம்ளரையுமா தூக்கிட்டுப் போவா?" என்று அதிகாரி கேட்டார்.

ஒவ்வொருத்தியாக இறக்கி விசாரித்தார்கள். புஷ்பத்தின் முகாமிலிருந்து போன ஐவரில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். மற்ற இருவரும் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

நிரோசா கடைசியாக இறங்கினாள். புஷ்பம் டீக்கடை விளக்கின் கீழ் நின்றுகொண்டிருந்தார், என்னைப் பிடித்துக்கொண்டு. அவர் விரல்கள் என் கையில் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. அதிகாரி, அன்றைக்கு வார்டன் கேட்டதைப் போலவே, விரலால் காட்டிக் கேட்டார்.

"அதோ நிக்கறாங்களே, அவங்க யாரும்மா?"

நிரோசா பார்த்தாள். அன்று போலவே நேராக, ஒன்றும் இல்லாத கண்ணோடு. ஜீப்பைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பிறகு மறுபடி புஷ்பத்தைப் பார்த்து, அங்கிருந்தபடியே கேட்டாள்:

"சொல்லட்டோ, அம்மா?"

அதிகாரி தன் தாளில் தேனி என்று எழுதியிருந்ததை அடித்தார்.

அன்று திருச்சி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கரூர் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குப் போனதும் என்ன இவ்வளவு நேரம் என்று கோபித்துக்கொண்டார்கள். வழக்கமாக எரிச்சல் வரும். அன்று வரவில்லை. நிரோசாவும் புஷ்பமும் திரும்பிப் போனது முகாமுக்குத்தான். அதை ஊர் என்று அவர்கள் இன்னும் சொல்வதில்லை.

பிப்ரவரியில் ஜனவரி மாதத்துப் பதிவுகள் வந்தன. என் மாணவி ஒருத்தி திரையைக் காட்டி, "மேடம், இருபத்தெட்டாம் நம்பர் கெட்டுப்போயிருக்கு. பொங்கலுக்கு அப்புறம் ஆஸ்டல் ஆளுங்க ஒருத்தர்கூட வரல, எல்லாம் காலியா இருக்கு. எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "இப்பதான் சரியா இருக்கு."